நாலு பிளஸும் லெச்சுமி அக்காவின் பாலும்

எனக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. விளங்காத இடத்தில் விளங்கவில்லை என்று சொல்லமாட்டேன்; தலையாட்டிவிடுவேன். அதையும் சும்மா ஆட்டமாட்டேன். எதிரில் இருப்பவர் "இந்தப் பிள்ளைக்கு இதெல்லாம் சொல்லத் தேவையே இல்லை" என்று நினைத்து, மிச்சத்தைச் சொல்லாமலே விட்டுவிடும்படி ஆட்டுவேன். இந்தத் தலையாட்டலால் நான் பட்ட அவமானங்களில் பெரும்பாலானவற்றை மறந்துவிட்டேன். ஒன்றை மட்டும் மறக்க வீட்டில் விடுகிறார்கள் இல்லை. நானே எழுதி வைத்தால், அவர்கள் வருடாவருடம் கூட்டிச் சொல்வதாவது குறையும் என்று ஒரு நப்பாசை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கிளிநொச்சிக்குத் தள்ளி, வாய்க்கால் ஓரத்துக் குடியேற்றத் திட்டம் ஒன்றில் இருந்தோம். கணவருக்குக் கமக்காரருக்கு விதையும் உரமும் கொடுக்கிற அலுவலகம் ஒன்றில் எழுதுவினைஞர் வேலை. எனக்கு வயது இருபத்துநாலு. யாழ்ப்பாணத்தில் உயிரியல் பிரிவில் ஏ.எல். படித்து, பல்கலைக்கழகத்துக்குக் கொஞ்சத்தில் தவறியவள். (எவ்வளவு கொஞ்சத்தில் என்று யாரும் கேட்காமலே சொல்லிவிடுவேன். அப்போது அப்படி.) இரசாயனவியல் கொப்பிகள் இரண்டை அலுமாரியில், சேலைகளுக்குக் கீழே பத்திரமாக வைத்திருந்தேன். மகள் யாழினிக்குப் பதினாலு மாதம்.

பக்கத்து வளவில் லெச்சுமி அக்கா. மலையகத்துத் தோட்டமொன்றிலிருந்து சிறுமியாக இருந்தபோதே தாய் தகப்பனோடு வன்னிக்கு வந்தவா. காடு வெட்டிக் காணியாக்கியவர்கள். அவாவிடம் மூன்று ஆடுகள் நின்றன. யாழினிக்குத் தினமும் காலையில் ஒரு பேணி ஆட்டுப்பால் அவாதான் கொண்டுவந்து தருவா. பதிலுக்கு நான் அவாவின் பிள்ளைகளுக்குப் பின்னேரங்களில் கணக்குச் சொல்லிக் கொடுத்தேன். அவா என்னை "தங்கச்சி" என்பா. நானும் அக்கா என்பேன். எங்கள் யாழ்ப்பாணப் பக்கத்துச் சனம் பலர் மலையகத்து ஆக்களிடம் வேலை வாங்குவார்கள், வாசல் தாண்டிப் போகமாட்டார்கள். நான் அப்படிப்பட்டவள் இல்லை என்பதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. அந்தப் பெருமைக்கு என்ன நடந்தது என்பதுதான் கதை.

அந்த மாரியில் யாழினிக்குக் காய்ச்சலும் வயிற்றோட்டமும் பிடித்தன. காய்ச்சல் விட்டது, வயிற்றோட்டம் விடவில்லை. மூன்று கிழமையாகியும் பால் குடித்தால் வயிறு ஊதும், கடகடவென்று சத்தம் போடும், பிறகு தண்ணீராகப் போகும். கழுத்தெலும்பு தெரியத் தொடங்கியதும் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எங்கள் பகுதி ஆஸ்பத்திரிக்கு டொக்டர் செவ்வாயும் வெள்ளியும்தான் வருவார். ஒரு வெள்ளிக்கிழமை கொண்டுபோய்க் காட்டினோம்.

டொக்டர் நல்ல மனிதர். களைத்த மனிதர். யாழினியின் வயிற்றைத் தட்டிப் பார்த்தபடி, நான் எதுவரை படித்தேன் என்று கேட்டார். சொன்னேன். கொஞ்சத்தில் தவறியதையும் சொன்னேன். அவர் முகம் தெளிந்தது. வயிற்றோட்டத்தால் குடலின் உட்புறம் புண்பட்டிருக்கலாம் என்றும், அப்படியானால் பாலில் இயற்கையாக உள்ள வெல்லத்தை, அதாவது இனிப்புச் சத்தை, குடல் உறிஞ்சாது என்றும், உறிஞ்சாத வெல்லம் மலத்தோடு வெளியே வரும் என்றும், அதைத்தான் சோதிக்கப் போகிறோம் என்றும் சொல்லத் தொடங்கினார். "பெனடிக்ற்றின் கரைசல் தெரியும்தானே?" என்றார்.

பெனடிக்ற்றின் கரைசலா? நீல நிறத் திரவம். வெல்லம் இருந்தால் சூடாக்கும்போது பச்சை, மஞ்சள், செம்மஞ்சள், நிறைய இருந்தால் செங்கட்டிச் சிவப்பு. நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அந்தப் பெயரைக் கேட்ட சந்தோசத்தில், அதற்குப் பிறகு அவர் சொன்ன எதுவும் என் காதில் ஏறவில்லை. தலை மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது. முடிவு வந்தால் எப்படி விளங்கிக்கொள்வது என்பதை அவர் அந்த நேரத்தில்தான் சொல்லியிருக்கவேண்டும்.

காதில் விழுந்தது கடைசிப் பகுதி. வழமைபோலப் பால் கொடுக்கவேண்டும். மலத்தின் தண்ணீர்ப் பகுதியைச் சுணங்காமல் கொண்டுவர வேண்டும். போத்தலில் சவர்க்காரமோ கிருமிநாசினியோ பட்டிருக்கக் கூடாது. (சவர்க்காரம் கண்ணில் படுவதே அதிசயமாக இருந்த காலம். போத்தலுக்குப் போடுகிற அளவுக்கு யாரிடம் இருந்தது?)

போத்தலும் தட்டுப்பாடுதான். ஆஸ்பத்திரியில் கலவை மருந்து வாங்கவே போத்தல் நாங்கள்தான் கொண்டுபோக வேண்டும். வீட்டில் வாய் அகன்ற போத்தல் ஒன்றே ஒன்று இருந்தது, மண்ணிறக் கண்ணாடியில். அதைக் கொதிதண்ணீரில் போட்டு அவித்தேன். ஒரு தரமல்ல, மூன்று தரம். கணவர் குசினி வாசலில் நின்று பார்த்துவிட்டு, "போத்தல் வெந்திட்டுதோ எண்டு குத்திப் பாரும்" என்று சொல்லிவிட்டுப் போனார். மூடியை அவிக்கவில்லை. அதன் உட்புறத்தில் வட்டமாக ஒரு கடதாசி மட்டை ஒட்டியிருந்தது. அவித்தால் கழன்றுவிடும், மூடி இறுகாது. அதை ஈரத் துணியால் துடைத்து விட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை, யாழினி தன் கடமையைச் சரியாகச் செய்தாள். நானும் கணவரும் குழந்தையும் போத்தலும் ஒரு சைக்கிளில். வீதி என்று ஒன்று இருந்ததன் அடையாளமாக இடைக்கிடை தார்த் துண்டுகள் தெரிந்தன; மற்றதெல்லாம் குண்டும் கிடங்கும். ஒவ்வொரு கிடங்கிலும் என் மடியிலிருந்த போத்தல் குலுங்கிய குலுக்கலுக்கு உள்ளே இருந்தது வெண்ணெயாகத் திரளாதது புதுமை.

ஆய்வுகூடம் என்பது ஒரு மேசை, ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு, சில சோதனைக் குழாய்கள், கண்ணாடி போட்ட ஒரு அண்ணை. அவர் போத்தலை வாங்கிப் பெயர் எழுதி ஒட்டினார். மதியத்துக்குள் முடிவு எழுதிய துண்டு தருவதாகச் சொன்னார். அன்று டொக்டருக்கு வேறெங்கோ அவசரம், வரவில்லை. துண்டை மடித்து என் கையில் தந்த அண்ணை, வெள்ளிக்கிழமை டொக்டரிடம் கொடுக்கும்படி சொன்னார். நான் தலையாட்டினேன்.

ஆஸ்பத்திரிப் படலையைத் தாண்டவில்லை, துண்டைப் பிரித்தேன். தாழ்த்தும் வெல்லம் என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. அதற்கு நேரே நாலு பிளஸ், அதற்கு மேல் இல்லை. பக்கத்தில் செங்கட்டிச் சிவப்பு.

வழியெல்லாம் யோசித்தேன். முதல் கால் மணி நேரம், பிள்ளைக்கு நீரிழிவு என்று முடிவுகட்டிச் சைக்கிளின் பின்னாலிருந்து அழுதேன். பிறகு நீரிழிவுக்குச் சோதிப்பது சிறுநீரை அல்லவா என்று ஞாபகம் வந்தது. கண்ணீரைத் துடைத்தேன். அப்படியானால் இவ்வளவு வெல்லம் எங்கிருந்து வந்தது? வீட்டில் நான் பிள்ளைக்குக் கொடுப்பது கஞ்சியும் பருப்பும். வெளியிலிருந்து வருவது ஒன்றே ஒன்று, ஆட்டுப்பால். இயற்கையாகப் பாலில் இருக்கிற வெல்லத்துக்கு நாலு பிளஸ் வராது என்று நான் தீர்மானித்தேன். (எந்தப் புத்தகத்தில் படித்தேன் என்று கேட்கவேண்டாம்.) ஆகவே பாலில் யாரோ சீனி போடுகிறார்கள். ஏன் போடவேண்டும்? தண்ணீர் கலந்தால் ருசி குறையும், அதை மறைக்க. வீடு வந்து சேரும்போது வழக்கு விசாரித்து முடிந்து, தீர்ப்பும் எழுதியாகிவிட்டது.

கணவரிடம் சொன்னேன். அவர் சைக்கிளைச் சாத்தியபடி, "இஞ்சரும், வெள்ளிக்கிழமை டொக்டர் பாக்கட்டும். இப்ப ஒரு கதையும் வேண்டாம்" என்றார். உயிரியல் படிக்காதவர் என்பதால் அவர் சொன்னதை நான் பொருட்படுத்தவில்லை.

அலுமாரியிலிருந்து இரசாயனவியல் கொப்பியை எடுத்தேன். ஆம், கொப்பியையும் கொண்டுதான் போனேன். லெச்சுமி அக்கா முற்றத்தில் ஆட்டுக்குக் குழை கட்டிக்கொண்டிருந்தா. அவாவின் புருசனும், வேலி அடைக்க வந்த இரண்டு பேரும் நின்றார்கள். கணக்குப் படிக்க வருகிற பிள்ளைகள் இரண்டு பேரும் ரீச்சர் வீட்டுக்கு வந்திருக்கிறா என்று பாய் விரிக்க ஓடினார்கள்.

நான் பாயில் இருக்கவில்லை. துண்டைக் காட்டினேன். நிறங்களைக் கொப்பியில் காட்டினேன். அவா சிரித்த முகத்தோடுதான் கேட்டுக்கொண்டிருந்தா. ஏதோ பாடம் சொல்கிறேன் என்று நினைத்திருக்க வேண்டும். பிறகுதான் கேட்டேன், பாலுக்குள் சீனி போடுகிறாவா என்று.

"சீனியா?" என்றா. "புள்ள குடிக்கிற பாலுல நான் ஏன் தங்கச்சி சீனி போடப்போறேன்? எங்க வீட்டுல சீனிய கண்டே ரெண்டு மாசமாச்சு. நாங்களே பனங்கட்டிய கடிச்சுக்கிட்டுத்தான் தேத்தண்ணி குடிக்கிறோம்."

உண்மைதான். போர்க்காலப் பொருளாதாரத் தடையில் சீனி தங்கமாகிக் கிடந்த நாட்கள். அந்தக் காலத்து வன்னியில், பாலுக்குள் அளவுக்கதிகமாகச் சீனி போட்டுவிட்டதாக ஒருவரைக் குற்றஞ்சாட்டிய ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். வேலி அடைக்க வந்தவர்களில் ஒருவர் சிரித்துவிட்டார். நான் அந்த இடத்திலேயே திரும்பி வந்திருக்கவேண்டும். ஆனால் சிரித்தது எனக்குச் சுட்டது.

"உங்கடை ஆக்களுக்குப் பாலிலை தண்ணி கலக்கிறதெல்லாம் பெரிய விசயமே?" என்றேன்.

இதை எழுத எனக்கு இத்தனை வருடம் எடுத்தது. மற்றதெல்லாம் எழுதச் சிரிப்பாக வருகிறது. இந்த வரியை மட்டும் மூன்று தரம் வெட்டிவிட்டு எழுதியிருக்கிறேன்.

லெச்சுமி அக்கா கையிலிருந்த குழையைக் கட்டி முடித்தா. கையைச் சேலையில் துடைத்தா. "வெள்ளிக்கெழம எத்தன மணிக்குங்க ஆஸ்பத்திரிக்குப் போறீங்க?" என்று கேட்டா. அவா என்னோடு "ங்க" போட்டுக் கதைத்தது அதுதான் முதல் தரம்.

அடுத்த மூன்று நாளும் யாழினிக்குப் பால் இல்லை. காலையில் பேணிச் சத்தம் கேட்கும் நேரத்துக்கு வேலிப் பக்கம் தவழ்ந்து போய், கம்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்பாள். பிறகு அழுவாள். கஞ்சியைத் துப்பினாள். வயிற்றோட்டம் கொஞ்சம் குறைந்தது; அதை என் கண்டுபிடிப்பின் வெற்றி என்று எடுத்துக்கொண்டேன். ஆனால் வியாழக்கிழமை அவளைத் தூக்கியபோது, தூக்கின மாதிரியே இருக்கவில்லை. அன்றைக்கு முதல் தரமாக, நான் பிழையாக இருந்தால் என்று ஒரு நினைப்பு வந்தது. அதை விரட்டிவிட்டேன். பிழை என்றால் லெச்சுமி அக்காவிடம் சொன்னதை என்ன செய்வது?

வெள்ளிக்கிழமை நாங்கள் போகும்போதே லெச்சுமி அக்கா ஆஸ்பத்திரித் தாழ்வாரத்து மரவாங்கில் உட்கார்ந்திருந்தா. நடந்தே வந்திருந்தா. கோயிலுக்குக் கட்டுகிற நாவல் நிறச் சேலை. மடியில், வாழையிலையால் வாய் கட்டிய செம்பு. யாழினி அவாவைக் கண்டதும் என் கையிலிருந்து பாய்ந்தாள். நான் இழுத்துப் பிடித்தேன்.

டொக்டர் துண்டைப் பார்த்தார். பிள்ளையைப் பார்த்தார். திரும்பவும் துண்டைப் பார்த்தார். இந்த அளவுக்கு வெல்லம் உறிஞ்சாமல் வெளியே போகிற பிள்ளை இதைவிட எவ்வளவோ மோசமாக இருக்கவேண்டும், பின்பக்கம் புண்ணாகியிருக்கவேண்டும் என்றார். "இந்தத் துண்டும் இந்தப் பிள்ளையும் ஒண்டோடொண்டு ஒத்துவரேல்லை. திருப்பிச் செய்வம்." பால் எப்படிக் கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். நிற்பாட்டிவிட்டேன் என்றேன், பாராட்டை எதிர்பார்த்து. அவர் கண்ணாடியைக் கழற்றினார். யார் நிற்பாட்டச் சொன்னது என்று மெதுவாகக் கேட்டார். நான் பெனடிக்ற் என்று சொல்லவில்லை. அவ்வளவு புத்தி மிஞ்சியிருந்தது.

ஆய்வுகூடத்துக்குப் போனோம். எனக்குப் பின்னால் கணவர், அவருக்குப் பின்னால் செம்போடு லெச்சுமி அக்கா. நான் வாய் திறப்பதற்குள் அவா முன்னுக்கு வந்து செம்பை மேசையில் வைத்தா.

"ஐயா, இது என் ஆட்டுப்பாலு. இதுல சீனி இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க. இந்த அம்மா முன்னாலயே பாருங்க."

ஆய்வுகூடத்து அண்ணை செம்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். விசயத்தைக் கணவர்தான் சொன்னார். அண்ணை கேட்டு முடித்துவிட்டுக் கதிரையில் சாய்ந்தார். எந்தப் பாலை ஊற்றினாலும் இந்த மருந்து சிவக்கும், பாலுக்குள் பிறவியிலேயே வெல்லம் இருக்கிறது, அதற்காகத்தானே இந்தச் சோதனையே என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"கடைச் சீனிக்கு இது நிறமே மாறாது, தங்கச்சி. மூடை மூடையாக் கொட்டினாலும் நீலமாத்தான் நிக்கும். ஏ.எல்.லிலை படிச்சிருப்பியளே."

படித்திருந்தேன். கொப்பியில் அதே பக்கத்தில், நிறங்களுக்குக் கீழே, நானே சிவப்பு மையால் அடிக்கோடிட்டு எழுதியிருந்தேன்: சீனி தாழ்த்தா வெல்லம், பெனடிக்ற்றோடு தாக்கமுறாது. லெச்சுமி அக்காவின் முற்றத்தில் அந்தப் பக்கத்தை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றபோது, அந்தக் கோட்டை என் கட்டைவிரல் மறைத்திருக்கவேண்டும்.

அப்படியானால் செங்கட்டிச் சிவப்பு எங்கிருந்து வந்தது? அண்ணை என்ன போத்தல் என்று கேட்டார். மூன்று தரம் அவித்த போத்தல் என்றேன், ஏதோ ஒரு இடத்திலாவது நான் சரியாக இருக்கவேண்டும் என்ற ஆசையில். போத்தல் தட்டுப்பாட்டுக் காலம் என்பதால் ஆட்கள் திருப்பிக் கேட்பார்கள் என்று, அண்ணை எல்லாவற்றையும் கழுவி யன்னல் ஓரத்தில் மூடிகளோடு அடுக்கி வைத்திருந்தார். பத்துப் பன்னிரண்டு போத்தல்கள். எல்லா மூடிகளும் அமைதியாகக் கிடந்தன. ஒரு மூடிக்கு மட்டும் சுவரிலிருந்து எறும்பு வரிசை கட்டி இறங்கிக்கொண்டிருந்தது. அதற்குப் பக்கத்துப் போத்தலில் யாழினியின் பெயர்.

அண்ணை மூடியை எடுத்து எறும்பை ஊதினார். உள்ளே ஒட்டியிருந்த மட்டையை ஊசியால் நெம்பினார். அடியில் பொன்னிறத்தில் பிசின்போல ஏதோ இழுபட்டது. மணந்து பார்த்துவிட்டு லெச்சுமி அக்காவிடம் நீட்டினார், என்னிடம் நீட்டவில்லை.

"தேனு," என்றா அவா. பிறகு போத்தலைப் பார்த்தா. "இது எங்க வீட்டுப் போத்தல்ங்க. தீபாவளிக்கு முன்னால இவங்களுக்கு இருமல்னு எங்க வூட்டுக்காரரு காட்டுல எடுத்த தேன ஊத்திக் குடுத்தது."

உண்மை. இரண்டு மாதம் காலையும் மாலையும் ஒரு கரண்டியாகக் குடித்து இருமலைப் போக்கிக்கொண்டேன். போத்தல் எங்கிருந்து வந்தது என்பதை மட்டும் மறந்துவிட்டேன். தேன் என்றால் பெனடிக்ற்றுக்கு உயிர், உடனே சிவக்கும். ஏழு மைல் கிடங்கில் குலுங்கிய குலுக்கலில், மட்டைக்குள் ஊறியிருந்த தேனெல்லாம் கீழே இறங்கியிருக்கிறது. என் பிள்ளையின் குடலைப் பற்றி அந்தத் துண்டு ஒன்றும் சொல்லவில்லை. அது சொன்னதெல்லாம் ஒரு அயல்வீட்டுக்காரியின் நல்ல மனதைப் பற்றித்தான்.

திரும்பச் சோதிக்க வேண்டும். சோதிக்க வேண்டுமென்றால் பிள்ளை பால் குடித்திருக்க வேண்டும். பால் இருந்தது ஒரே ஒரு செம்பில். அண்ணை செம்பைக் காட்டி, இதையே கொடுங்கோவன் என்றார். லெச்சுமி அக்கா வாழையிலையை அவிழ்த்துவிட்டு என்னைப் பார்த்தா.

"காய்ச்சித்தான் கொண்டாந்தேன். குடுக்கலாமுங்களா?"

அவா குத்திக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்டா. அதுதான் தாங்க முடியவில்லை. நான் தலையாட்டினேன். வாழ்க்கையில் ஒரு தரம், விளங்கித்தான் ஆட்டினேன்.

யாழினி இரண்டு கையாலும் செம்பைப் பிடித்துக் குடித்தாள். மூச்சு விட நிறுத்தவில்லை. ஆஸ்பத்திரி வாங்கில் மூன்று மணி நேரம் காத்திருந்தோம், ஒரு பக்கத்தில் லெச்சுமி அக்கா, நடுவில் யாழினி, மறுபக்கத்தில் நான். பிறகு அண்ணையே தந்த போத்தலில் மலத்தை எடுத்துக் கொடுத்தோம். நீலம் மாறி இலேசான பச்சை, அவ்வளவுதான். டொக்டர் என்னை எதிரில் இருத்தி, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல ஒவ்வொன்றாகச் சொன்னார். சிவப்பு என்றால் குடல் வெல்லத்தை உறிஞ்சவில்லை. நீலம் என்றால் உறிஞ்சுகிறது. இலேசான பச்சை என்றால் புண் ஆறிக்கொண்டு வருகிறது, இன்னும் கொஞ்சம் மிச்சம். பாலை ஒரேயடியாகக் கொடுக்காமல் கொஞ்சம் கொஞ்சமாகப் பல தரம் கொடுங்கோ, சரிவரும். சொல்லி முடித்துவிட்டு, "இப்ப நான் சொன்னதை நீங்கள் எனக்குச் சொல்லுங்கோ" என்றார். கணவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு யன்னலைப் பார்த்தார். நான் சொன்னேன்.

வெளியில் வந்து லெச்சுமி அக்காவிடம், "அக்கா, நான் சொன்னது பெரிய பிழை" என்றேன். வழியில் வரும்போது பத்து வசனம் ஆயத்தம் செய்திருந்தேன், வந்தது இவ்வளவுதான். அவா, "சரிங்க. புள்ள குடிச்சிருச்சுல்ல" என்றா. செம்பைக் கழுவிக்கொண்டு நடந்தா. சைக்கிளில் வரச் சொல்லவும் இடமில்லை.

அடுத்தநாள் காலை வழமையான நேரத்துக்குப் பேணிச் சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் படலையைத் திறந்தேன். அவா உள்ளே வரவில்லை. படலையடியிலேயே நின்று, பேணியிலிருந்து கொஞ்சப் பாலைத் தன் உள்ளங்கையில் ஊற்றி, எனக்கு முன்னாலேயே குடித்தா. விழுங்கும்வரை என்னைப் பார்த்தா. பிறகு பேணியைத் தந்துவிட்டுப் போனா. மறுநாளும் அப்படி. அதற்கடுத்த நாளும். ஒவ்வொரு காலையும் நான் பார்த்துக்கொண்டு நிற்பேன். வேண்டாம் அக்கா என்று சொல்லலாம்தான். சொல்ல எனக்கு என்ன முகம் இருந்தது?

யாழினி தேறினாள். கன்னம் வந்தது. பங்குனியில் ஒருநாள், உள்ளங்கைப் பாலைக் குடித்துவிட்டு, லெச்சுமி அக்கா உதட்டைச் சப்பிக்கொண்டு, "இன்னிக்கும் சீனி பத்தாது தங்கச்சி" என்றா. அவா சிரித்தா. நான் படலையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். "அட, இந்தா, பால் ஆறுது" என்று பேணியை என் கையில் திணித்துவிட்டுப் போனா.

அதற்குப் பிறகு இடம்பெயர்ந்தோம், திரும்பி வந்தோம், திரும்பவும் போனோம். எங்கு போனாலும் இரண்டு குடும்பமும் பக்கத்துப் பக்கத்தில்தான் கொட்டில் போட்டோம். அந்த உள்ளங்கை விசயமும் எங்களோடு வந்தது. கணவர் எனக்குத் தேத்தண்ணி தரும்போது முதலில் தன் கையில் ஊற்றிக் குடித்துக் காட்டுவார். யாழினி வளர்ந்து, பாயாசம் காய்ச்சப் பழகி, அதே வேலையைச் செய்தாள். அவளுடைய கலியாணத்தன்று, பால் பழம் கொடுக்கிற நேரம், லெச்சுமி அக்கா மாப்பிள்ளைக்குக் கொடுக்க இருந்த பாலில் ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டுக் குடித்துவிட்டு, "சீனி இல்ல, தைரியமா குடிங்க தம்பி" என்றா. சபை முழுக்கச் சிரித்தது. மாப்பிள்ளையே தன் வீட்டுக்காரருக்குக் கதையை விளங்கப்படுத்தினார்.

நானும் சிரித்தேன். எல்லோருக்கும் அது தொடக்கத்திலிருந்தே பகிடிதான். முதல் நாள் படலையடியில் அவா அதைக் குடித்தபோது முகம் எப்படி இருந்தது என்று கண்டது நான் ஒருத்திதான். அவாவிடம் அதைப்பற்றிக் கேட்கலாம் என்று பல தரம் நினைத்திருக்கிறேன். இன்னும் கேட்கவில்லை.